பந்து வராத பக்கம்

வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்சுகளைப் படம் பிடிக்கும் வேலை எனக்குத் தற்செயலாகத்தான் வந்தது. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகன் அங்கே உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணியில் வைட் ரிசீவர், அதாவது ஓரத்திலிருந்து ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிப்பவன். நம்மூர் கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள்கவசம், நீள்வட்டப் பந்து என்று டிவியில் பார்ப்பீர்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். பெற்றோர் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். தண்ணீர் கேன் தூக்கலாம், ஹாட்டாக் விற்கலாம், கேமரா பிடிக்கலாம். தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான்தானே என்ற தைரியத்தில் கேமரா என்று சொல்லிவிட்டேன்.

முதல் சீசன் முழுக்க மைதானத்துக்கு மேலே உள்ள பிரஸ் பாக்ஸ் கூரையில் நின்று, பந்து போகிற பக்கமெல்லாம் கேமராவைத் திருப்பினேன். கிரிக்கெட் ஒளிபரப்பு பார்த்து வளர்ந்தவன் வேறு எப்படி எடுப்பான்? பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் விழுந்தால் ஜூம் வேறு. எடுத்ததை, அணிகள் மேட்ச் வீடியோ பார்க்கும் ஹடில் செயலியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவேன். யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வசந்தகாலப் பயிற்சி தொடங்கும்போது ரிசீவர்களுக்கென்று புதிதாக ஒரு கோச் வந்தார். டெக்சஸில் இந்தக் கோச்சுகள் பெரும்பாலும் அதே பள்ளியின் ஆசிரியர்கள்தான். இவர் காலையில் புவியியல் எடுப்பார், சாயங்காலம் மைதானத்துக்கு வருவார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சே புகார்.

"சார், போன வருஷ வீடியோ எல்லாம் பார்த்தேன். நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா என் பசங்க யாருமே அதுல இல்லையே."

எனக்குப் புரியவில்லை. என் மகன் பிடித்த கேட்ச் ஒவ்வொன்றும் இருக்கிறதே என்றேன். கேட்ச் இருக்கிறது, அந்த இடத்துக்கு அவன் எப்படி வந்தான் என்பது இல்லை என்றார். பந்து குவார்ட்டர்பேக் கையில் இருக்கும்வரை கேமரா அவன்மேல் இருக்கிறது. அவன் எறிந்ததும் கேமரா பந்தின் பின்னால் பறக்கிறது. ரிசீவர் கடைசி ஒரு விநாடிதான் படத்துக்குள் வருகிறான்.

"ஒரு மேட்சுல நம்ம டீம் ஏறக்குறைய 60 பிளே ஆடுது. உங்க பையன் அதுல 40-க்கு மைதானத்துல நிக்கிறான். பந்து அவன் பக்கம் வர்றது மூணோ நாலோ. மிச்ச 36-ல அவன் என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பெற்றவனுக்கே தெரியாது.

அன்றிலிருந்து எனக்குச் சட்டம் இதுதான்: இரண்டு அணியிலும் சேர்த்து 22 பேரும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஒரு பிளே தொடங்கும் கணம்) இரண்டு மூன்று விநாடி முன்னால் தொடங்கி, விசில் ஊதிய பிறகு நிறுத்த வேண்டும். ஜூம் கிடையாது. எத்தனையாவது டவுன், அதாவது எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்டு பாக்கி என்று தெரிய, இடையிடையே ஸ்கோர்போர்டை ஒரு முறை காட்ட வேண்டும். கத்தக் கூடாது, எல்லாம் மைக்கில் விழும். கேட்கச் சுலபம். ஆனால் பந்தைக் கண்ணால் துரத்தாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். முதல் இரண்டு மேட்சில் கை தானாகத் திரும்பியது. அப்புறம் முக்காலியை இறுக்கி வைத்துவிட்டு, கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அவர் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதுவேதான் என்று எனக்கு உறைக்க ஒரு சீசன் பிடித்தது.

முந்தைய வருஷம் ரிசீவர்களுக்குத் தனி ஆள் இல்லை. வேறொரு பொறுப்பில் இருந்தவர் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். பயிற்சி என்றால் வரிசையில் நிற்பார்கள், ஓடுவார்கள், பந்து வரும், பிடிப்பார்கள், திரும்ப வரிசை. பசங்களுக்கு அது பிடித்திருந்தது. புதியவர் வந்த முதல் வாரம் பந்தையே காட்டவில்லை. கூம்புகளை வைத்து ஓடு, நில், திரும்பு, மறுபடி ஓடு. காரில் வரும்போது மகன், "அப்பா, இவர் டான்ஸ் கிளாஸ் நடத்துறாரு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வேலி ஓரம் நின்று பார்த்தபோது ஓரளவு விளங்கியது. ரிசீவர் ஓடும் பாதைகளுக்கு எண் உண்டு. எங்கள் அணியில் இரட்டைப்படை என்றால் மைதானத்தின் உள்பக்கம் திரும்புவது, ஒற்றைப்படை என்றால் கோட்டுப் பக்கம் திரும்புவது, 9 மட்டும் நேரே ஓடிக்கொண்டே இருப்பது. 4 என்பது கர்ல்: 12 யார்டு முழு வேகத்தில் ஓடி, மூன்றே எட்டில் நின்று, குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பி வருவது. இதில் சூட்சுமம் அந்த மூன்று எட்டில் இருக்கிறது. நிற்கப் போகிறவன் உடம்பு தன்னால் நிமிரும். அவனைத் தடுக்க எதிரே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் எதிரணி ஆள், கார்னர்பேக், அந்த நிமிர்வுக்காகத்தான் காத்திருப்பான். கோச் தானே கார்னர்பேக் மாதிரி எதிரே நின்றுகொண்டு, ஒவ்வொருவன் தலை உயரும்போதும் "தெரிஞ்சிடுச்சு!" என்று கத்துவார். ஒரு சாயங்காலத்தில் நாற்பது ஐம்பது "தெரிஞ்சிடுச்சு". இடுப்பை இறக்கு, நெஞ்சு முழங்காலுக்கு மேலேயே இருக்கட்டும், வெளிக்காலை ஊன்றித் தள்ளு, இவ்வளவுதான் பாடம். முதல் 10 யார்டு வரை 4 எது, 9 எது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவான். இவன் 12-ல் இருப்பான் என்று நம்பி எறிகிறான். இவன் சோம்பல்பட்டு 10-லேயே நின்றுவிட்டால் பந்து எதிரி கைக்குப் போகும், பழி குவார்ட்டர்பேக் தலையில் விழும். போன சீசனில் அந்தப் பையன் எறிந்து பறிபோன பந்துகளுக்கு நான் மனசுக்குள் அவனை நன்றாகவே திட்டியிருந்தேன். பழைய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அரைகுறையாகத் தெரிந்ததிலேயே, ஒரு பிளேயில் பாதியில் நின்றிருந்தது என் மகன். அந்தக் குவார்ட்டர்பேக்கின் அம்மா மேட்சுக்கு மேட்ச் எங்கள் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். பாப்கார்ன் வேறு கொடுப்பார்.

பந்தைத் தவறவிடும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நானும் குற்றவாளி.

திருச்சியில் மொட்டை மாடியிலும் தெருவிலும் கிரிக்கெட் ஆடிய காலத்தில் கேட்ச் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அந்தப் பெருமையில் மகனுக்குப் பின்கட்டுப் புல்தரையில் நானே பயிற்சி கொடுத்தேன். பந்து வரட்டும், அவசரப்படாதே, கையை மெத்தென்று வைத்து உடம்போடு சேர்த்து வாங்கு. கிரிக்கெட்டில் அது சரி, பந்துக்கும் எனக்கும் நடுவில் யாரும் கை நீட்டப் போவதில்லை. இங்கே முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு வருவான். பந்து உடம்பு வரைக்கும் வரட்டும் என்று காத்திருக்கும் அந்தக் கணத்தில் அவன் கை குறுக்கே வந்து தட்டிவிடும். கையை நீட்டி, உடம்புக்கு வெளியே, முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். தோளுக்கு மேலே பின்னாலிருந்து வரும் நீளப் பந்துக்குக் கையைக் கடைசி நொடியில்தான் தூக்க வேண்டும். ஏனென்றால் பந்தைப் பார்க்காமல் துரத்தும் கார்னர்பேக், ரிசீவரின் கையையும் கண்ணையும் பார்த்துத்தான் பந்து வருவதை அறிகிறான்.

"வீட்டுல யார் சொல்லிக்கொடுத்தது, பந்தை நெஞ்சுல அணைச்சுப் பிடிக்க?" என்று கோச் கேட்டாராம். மகன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை என்னிடம் வந்து சொன்னான் என்பதுதான் தண்டனை.

அவர் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். தவறிய ஒவ்வொரு பந்தும் அதில் மூன்று பத்தியில் ஒன்றில் விழும்: கண், கால், கை. பந்து கைக்கு வருவதற்குள் ஓடும் திசையைப் பார்த்துவிட்டால் கண். உடம்பு தவறான இடத்தில் இருந்து எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கால். இரண்டும் சரியாக இருந்தும் விரல் விட்டால்தான் கை. கைப் பத்திதான் நிரம்பும் என்று நான் நினைத்திருந்தேன். கண்தான் நிரம்பி வழிந்தது. பிடிக்கும் முன்பே அடுத்த பத்து யார்டைப் பற்றிய நினைப்பு. பந்து கைக்கு வந்து, அக்குளுக்கும் முன்கைக்கும் நடுவே செருகி முடிக்கும்வரை கண் பந்தை விட்டு நகரக் கூடாது என்பது அவர் கட்டளை.

அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொன்னார். இன்றைக்கும் செய்கிறோம். பழைய டென்னிஸ் பந்துகளில் மார்க்கரால் எண் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று மெதுவாக எறியுங்கள். பையன் பிடித்த பிறகு எண்ணைச் சொல்லக் கூடாது, பிடிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடிக்கச் செய்யலாம். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், களைத்த பிறகு செய்வது கெட்ட பழக்கத்தைத்தான் வளர்க்கும் என்றார். வேகமாக எறிந்து வீரம் காட்ட வேண்டாம் என்பது எனக்கென்றே சொன்னது.

செங்கல் கதை எனக்குத் தெரியும் என்று அவரிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். பேர்போன ரிசீவர் ஜெர்ரி ரைஸின் அப்பா மிசிசிப்பியில் கொத்தனார். அண்ணன் தம்பிகள் எறிந்த செங்கல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் ரைஸுக்கு அந்தக் கை வந்தது என்பார்கள். 1,549 கேட்ச், 22,895 யார்டு. தொழில்முறை லீகான என்எஃப்எல்-லில் இன்னும் யாரும் தொடவில்லை. கோச் சிரித்தார். "எல்லாரும் செங்கல்லைச் சொல்வாங்க. அவர் மலையேறி ஓடினதைச் சொல்ல மாட்டாங்க. அவர் பிளாக் பண்ணதை, எதிராளியை மறிச்சதை, யாருமே சொல்ல மாட்டாங்க."

பந்து தவறினால் பத்து தண்டால் என்ற பழைய வழக்கத்தையும் நிறுத்தினார். தவறவிட்டவனுக்கே அடுத்த பந்தை உடனே எறியச் சொல்வார், அவ்வளவுதான். தண்டாலுக்குப் பயந்தவன் கை கட்டையாகிவிடும் என்பது அவர் வாதம். நான் படித்த பள்ளியில் பிரம்பு இருந்தது. அதனால் இதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

பிளாக் விஷயத்தில்தான் பெரிய கலவரம். கோடையில் எல்லாப் பசங்களும் ஏழு பேர் ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் மோதல் இல்லை, தடுப்பது இல்லை, எறிவதும் பிடிப்பதும்தான். மாநிலப் போட்டி காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் நடக்கும், பெரிய திருவிழா. அதில் ஊறியவனுக்கு ரிசீவர் என்றால் பிடிப்பவன். பதினொரு பேர் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி பந்தைக் கையில் கொண்டு ஓடும் பிளே. அப்போது ரிசீவரின் வேலை எதிரே நிற்கும் கார்னர்பேக்கை நம் ஓட்டக்காரன் பக்கம் போகவிடாமல் மறித்து நிற்பது. ஹைன்ஸ் வார்டின் பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரிசீவர், என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் 40-ஆவது பதிப்பில் சிறந்த ஆட்டக்காரர், ஆனால் எதிரிகள் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் மறித்த மறிப்புக்காக. கூடவே, பார்க்காதவனைப் பக்கவாட்டில் வந்து தலையில் மோதுவது 2009-இல் தடை செய்யப்பட்டதற்கே வார்டின் ஒரு மோதல்தான் காரணம், அதை நீங்கள் செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

பிளாக் செய்யாதவனுக்குப் பந்து வராது என்று ஒரு விதி போட்டார். அணியிலேயே வேகமான பையன் ஒருவன். பந்து இல்லாதபோது அவன் நின்று வேடிக்கை பார்ப்பான். இரண்டு மேட்ச் வெளியே உட்கார வைத்தார். அவன் டிஃபென்ஸ் பக்கம் மாறிக்கொண்டான். அந்த இரண்டில் ஒன்று நாங்கள் தோற்றது. அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று பெற்றோர் பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்றும் அந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பதினாறு வயசுப் பையனிடம் இன்னும் இரண்டு தடவை பேசிப் பார்த்திருக்கலாம்.

மகனும் சிக்கினான். செப்டம்பர் கடைசியில் ஒரு மேட்ச். நம் ஓட்டக்காரன் கோட்டோரம் 60 யார்டுக்கு மேல் ஓடி டச்டவுன் போட்டான். மைதானமே எழுந்து நின்றது. அப்புறம் ஃபவுல் என்று நடுவரின் மஞ்சள் கொடி. ஹோல்டிங், சட்டை எண் சொன்னார்கள், எங்கள் வீட்டுப் பையன் எண். கார்னர்பேக்கின் சட்டையைத் தோளுக்கு வெளியே இழுத்துப் பிடித்திருக்கிறான். டச்டவுன் போச்சு, 10 யார்டு தண்டனை. கூரையில் நின்ற எனக்குக் கேமராவை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்றிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை வீடியோ பார்க்கும் கூட்டம். கேமராக்காரர் என்ற உரிமையில் என்னையும் ஒரு முறை வந்து உட்காரச் சொல்லியிருந்தார். அந்த நாளாகவா அது அமைய வேண்டும். வகுப்பறைச் சுவரில் உலக வரைபடம், மேஜையில் ஒரு பெட்டி டோனட், தூக்கம் கலையாத எட்டுப் பசங்க. அவர் பேச மாட்டார். யாருடைய பிளேயோ அவனே எழுந்து, தான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஹோல்டிங்கைப் போட்டதும் மகன் எழுந்து, "கை வெளியே போயிடுச்சு சார்" என்றான். "கை ஏன் வெளியே போச்சு?" திரும்ப ஓடவிட்டார். மெதுவாக ஓடியபோது எனக்கே தெரிந்தது. கடைசி மூன்று யார்டில் வேகத்தைக் குறைக்காமல் போய் மோதியிருக்கிறான். கார்னர்பேக் ஒரு எட்டு விலகியதும் கால் பின்தங்கிவிட்டது, கை மட்டும் மிஞ்சியது. "கால்," என்றான் மகன். கோச் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினார். அவ்வளவுதான், திட்டு இல்லை.

என்னைக் குத்தியது அதற்கடுத்த கிளிப். பந்து மைதானத்தின் மறுபக்கம் போகிறது. வலது ஓரத்தில் என் மகன் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பூங்காவில் நடக்கிற மாதிரி மெல்ல ஓடுகிறான். கோச் அவனைக் காட்டவே இல்லை. லேசர் புள்ளியை, எதிரணியில் நடுவில் எல்லாருக்கும் பின்னால் நிற்கும் தடுப்பாளன், சேஃப்டி மேல் வைத்தார்.

"இவன் யாரைப் பார்க்கிறான்?"

சேஃப்டியின் ஹெல்மெட் ஒரு கணம் என் மகன் பக்கம் திரும்புகிறது. மெல்ல ஓடுவதைப் பார்க்கிறது. உடனே மறுபக்கம் திரும்பி, ஓடிப்போய், நம் ரிசீவரை விழுத்தாட்டுகிறது.

"நீ நிஜமா ஓடியிருந்தா?"

"என் கூட வந்திருப்பான் சார்."

அறையில் யாரும் பேசவில்லை. ஒருவன் டோனட்டைத் தின்பதை நிறுத்தினான். போன வருஷமாக இருந்தால் இந்தக் கிளிப்பில் என் மகன் இருந்திருக்கவே மாட்டான். நான் பந்தைத் துரத்திக்கொண்டு போயிருப்பேன்.

சீசன் முடிவில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. மாவட்டத்தில் முதல் நான்கு அணிதான் பிளேஆஃப் போகும், நாங்கள் ஐந்தாவது. தவறவிடும் பந்துகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. மகன் பிடித்த கேட்ச் எண்ணிக்கை முந்தைய வருஷத்தைவிடச் சிலதான் கூடுதல். ஆனால் வலது பக்கம் ஓடும் பிளேக்கள் நீளமாகின. ஓட்டக்காரனின் அப்பா என்னிடம் வந்து கை கொடுத்தபோது ஏன் என்று அந்த வருஷம் எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் மாற்றிக்கொண்டது ஒன்றுதான், காரில் கேட்கும் கேள்வி. முன்னெல்லாம் கதவைச் சாத்துவதற்குள் "எத்தனை கேட்ச்?" என்பேன். கோச் பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்காதீர்கள் என்று சொன்னார். பந்து யாருக்குப் போகும் என்பதைப் பையன் முடிவு செய்வதில்லை, அவன் கையில் இல்லாததற்கு அவனை மார்க் போடாதீர்கள் என்றார். இப்போது முதலில் சாப்பாடு. அவனாகப் பேசினால் பேச்சு. பெரும்பாலும் ஏதோ ஒரு பிளேயில் சேஃப்டியை ஏமாற்றியதைச் சொல்வான், பந்து அந்தப் பக்கமே வந்திருக்காது.

அம்மாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. திருச்சியிலிருந்து சனிக்கிழமை தோறும் வீடியோ காலில் "கண்ணா, எத்தனை பந்து புடிச்ச?" என்றுதான் ஆரம்பிப்பார். கடைசி மேட்சுக்கு அடுத்த நாள் அவன் பதில் சொல்லாமல் நான் எடுத்த கிளிப் ஒன்றை அனுப்பினான். 22 பேர் எறும்பு மாதிரி. வலது ஓரத்தில் இவன் 10 யார்டு பாய்ந்து போய், வேகத்தைக் குறைத்து, கால்களைக் குறுக்கி, கார்னர்பேக்கின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, அவன் போகிற பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து நிற்கிறான். பக்கத்தில் ஓட்டக்காரன் கடந்து போகிறான். கொடி விழவில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"பந்தே காணோமேடா. அந்தப் பையனை எதுக்குடா புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"புடிக்கலை பாட்டி," என்றான். "தள்ளிக்கிட்டு நிக்கிறேன். புடிச்சா ஃபவுல்."